கூர்வளைவு இருந்தால் கோத்திக் ஆகிவிடுமா? ஓனே ஊர்க்கோயிலை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஐரோப்பாவுக்குப் போய்வந்த யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு பழைய சர்ச்சின் படத்தைப் போட்டால், கீழே ஒரு பதில் கட்டாயம் வரும்: "கோத்திக் ஸ்டைல், அருமை!" அது எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று யாரும் கேட்பதில்லை. கல்லில் கட்டியிருந்து, உள்ளே கொஞ்சம் இருட்டாக இருந்து, பார்க்கப் பழசாகத் தெரிந்தால் போதும், கோத்திக் என்று பெயர் வைத்துவிடுகிறோம். சற்று விவரம் தெரிந்தவர்கள் ஒரு விதி வைத்திருப்பார்கள்: வளைவு அரைவட்டமாக இருந்தால் ரோமனெஸ்க் (கோத்திக்குக்கு முந்தைய பாணி), உச்சியில் கூராக முடிந்தால் கோத்திக்.

இந்த விதி பாதி நேரம் சரியாக வரும். ஆனால் பார்க்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைக் காட்டுகிறது. இந்தக் கட்டடங்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் எண்ணம். தலைக்கு மேலே இருக்கும் அந்தக் கல் கூரையின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது? இதற்குப் பதில் தெரிந்தால் சுவர் ஏன் அவ்வளவு தடிமன், ஜன்னல் ஏன் அவ்வளவு சிறிது, வாசல் சிற்பங்கள் ஏன் அப்படி விசிறிபோல விரிந்திருக்கின்றன என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரியும்.

விளக்கத்துக்கு நான் எடுத்துக்கொள்வது பாரிஸ் நோத்ர தாம் போன்ற பெரிய பேராலயத்தை அல்ல. மேற்கு பிரான்சில் ஓனே என்ற சிற்றூரில் இருக்கும் புனித பேதுரு கோயில். 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே கூரை கூர்வளைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது கோத்திக் இல்லை.

ஓனே எங்கே இருக்கிறது?

பிரான்சின் அட்லாண்டிக் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஷரான்த்-மாரிதீம் மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். புவாத்தியே நகரிலிருந்து தெற்கே சேன்த் நகருக்குப் போகும் பழைய ரோமானியச் சாலை இந்த வழியாகத்தான் போனது. ரோமானியர் காலத்தில் இங்கே ஒரு படை முகாம் இருந்தது.

கோயில் ஊருக்கு நடுவில் இல்லை. ஊரை ஒட்டி வெளியே, கல்லறைத் தோட்டத்துக்குள் நிற்கிறது. சுற்றிலும் பழைய கல்லறைக் கற்கள், நெட்டையான சைப்ரஸ் மரங்கள். நம் கத்தோலிக்க ஊர்களில் சந்தியாகப்பர் என்று வணங்கப்படும் புனித யாக்கோபின் கல்லறை ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் இருப்பதாக இடைக்கால ஐரோப்பா நம்பியது. அங்கே நடந்தே போகும் பயணிகளுக்குப் பிரான்சில் நான்கு பெரிய வழிகள் இருந்தன. தூர், புவாத்தியே, சேன்த் என்று இறங்கும் வழி அவற்றில் ஒன்று. ஓனே அந்த வழியில்தான் இருக்கிறது. 1998இல் யுனெஸ்கோ இந்தப் பாதைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது ஓனே கோயிலும் அதில் இடம்பெற்றது.

ஒரு சிற்றூரில் இவ்வளவு நல்ல வேலைப்பாடு எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். கோயில் புவாத்தியே பேராலயத்துக் குருக்கள் குழுவின் பொறுப்பில் இருந்தது. அந்த வட்டாரம் முழுவதும் அக்கித்தேன் பிரபுக்களின் செழிப்பான நிலம். அந்தப் பிரபு வம்சத்தின் வாரிசான எலியனோர் 1137இல் பிரெஞ்சு அரச குடும்பத்து வாரிசையும், அந்தத் திருமணம் ரத்தான பிறகு 1152இல் இங்கிலாந்தின் அரசராகப்போகும் ஹென்றியையும் மணந்தாள். இரண்டு அரசர்கள் விரும்பும் அளவுக்கு அந்த மண் வளமானது. வெட்டியெடுக்க எளிதான வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல்லும் அங்கேயே கிடைத்தது.

லிண்டலும் சாக்பீஸும்

கட்டடத்தில் ஓர் இடைவெளிக்கு மேலே எதையாவது வைத்து மூட வேண்டும் என்றால் எளிய வழி, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்துவதுதான். நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே போடும் லிண்டல் அதுதான். பெரிய அளவில் செய்தால் உத்தரம்.

கல்லில் இதைச் செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. கையில் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து நேராக உள்நோக்கி அழுத்துங்கள், அசையாது. அதையே லேசாக வளைத்துப் பாருங்கள், பட்டென்று ஒடியும். கல்லின் குணமும் இதேதான். நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. குறுக்கே கிடக்கும் ஒரு கல்லின் மேல் பாரம் ஏறும்போது அதன் அடிப்பகுதி இழுபடுகிறது. இடைவெளி அகலமானால் அங்கேதான் விரிசல் விழும். இன்றைய கான்கிரீட்டில் அடிப்பக்கம் இரும்புக் கம்பி போடுவது அந்த இழுப்பைக் கம்பி வாங்கிக்கொள்ளத்தான்.

கம்பி இல்லாத காலத்தில் அகலமான இடத்தைக் கல்லால் மூட வேண்டுமானால், கல்லை இழுபடவே விடக்கூடாது. எல்லாக் கல்லும் எந்நேரமும் நசுங்கிக்கொண்டே இருக்கும்படி அடுக்க வேண்டும். அப்படி அடுக்கும் வழிதான் வளைவு.

ஆரஞ்சுச் சுளைபோல ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் செதுக்கிய கற்களை வட்டமாக அடுக்கினால், ஒவ்வொரு கல்லும் கீழே நழுவப் பார்க்கும். ஆனால் அகலமான பக்கம் மேலே இருப்பதால் பக்கத்துக் கற்களுக்கு நடுவில் இறுகிக்கொள்ளும். இப்படிச் செதுக்கிய கல்லை இனி ஆப்புக்கல் என்று சொல்வோம். இழுப்பு எங்கும் இல்லை. எல்லாமே அழுத்தம்தான்.

உச்சிக்கல் மட்டும் தாங்குவதில்லை

வளைவின் நட்டநடு உச்சியில் இருக்கும் ஆப்புக்கல்லை உச்சிக்கல் என்பார்கள். முழு வளைவையும் அது ஒன்றுதான் தாங்குகிறது, அதை உருவினால் எல்லாம் விழுந்துவிடும் என்று மேடைப் பேச்சுகளில்கூட உவமை சொல்வார்கள். உருவினால் விழும் என்பது உண்மைதான். ஆனால் வேறு எந்தக் கல்லை உருவினாலும் விழும். பாரம் எல்லா ஆப்புக்கற்கள் வழியாகவும் வரிசையாக இறங்குகிறது. உச்சிக்கல்லின் ஒரே சிறப்பு, அது பெரும்பாலும் கடைசியாக வைக்கப்படுவது.

அதற்கு ஏன் அத்தனை மதிப்பு வந்தது என்றால், அது வைக்கப்படும்வரை வளைவு தானாக நிற்காது. அதுவரை அடியில் மரச்சட்டம் முட்டுக் கொடுத்திருக்கும். நம் ஊரில் கான்கிரீட் போடுமுன் பலகையும் சவுக்குக் கழியும் வைத்து "சென்ட்ரிங் அடிக்கிறார்கள்" இல்லையா? ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே வளைவுக்கு அடியில் வைக்கும் இந்த மரச்சட்டத்தின் பெயர்தான். இடைக்காலக் கொத்தர்கள் பயன்படுத்தியதன் பெயரை நம் மேஸ்திரிகள் இன்றும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கலவை இறுகியதும் சட்டத்தை இறக்குவார்கள். வளைவு லேசாக அமுங்கி, கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

உதைப்பு: எல்லாவற்றுக்கும் காரணமான விசை

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

சீட்டுக்கட்டிலிருந்து இரண்டு சீட்டை எடுத்து, கூடாரம்போல ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வழுவழுப்பான மேசையில் நிற்கவையுங்கள். நிற்காது. அடிப்பக்கம் இரண்டும் வெளியே வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் புத்தகம் வைத்து முட்டுக் கொடுத்தால் நிற்கும். வளைவும் அப்படித்தான். அது கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, தன் கால்களைப் பக்கவாட்டில் வெளியே தள்ளுகிறது. இந்தப் பக்கவாட்டுத் தள்ளலுக்கு உதைப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். உத்தரத்துக்கு உதைப்பு கிடையாது, அது கீழே மட்டும்தான் அழுத்தும். வளைவின் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை இந்த உதைப்பு.

உதைப்பு ஒருநாளும் ஓய்வதில்லை. கட்டிய அன்று தள்ளிய அதே பலத்தோடு 900 ஆண்டுகள் கழித்தும் தள்ளிக்கொண்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியக் கட்டடங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபெர்குசன், இங்குள்ளவர்கள் வளைவை நம்பாததற்கு "வளைவு தூங்குவதே இல்லை" என்று காரணம் சொன்னதாகப் பதிவு செய்திருக்கிறார். இத்தனை சுருக்கமாக உதைப்பை விளக்கிய வேறு வாசகத்தை நான் கண்டதில்லை.

உதைப்பு எவ்வளவு இருக்கும் என்பது வளைவு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுவரில் சாய்த்த ஏணியை நினைத்துப் பாருங்கள். செங்குத்தாக வைத்தால் அடி அவ்வளவாக வழுக்காது. படுக்கை வாட்டத்தில் சாய்த்தால் ஏறுவதற்குள் சறுக்கிவிடும். வளைவிலும் அப்படித்தான். அகலமும் பாரமும் அப்படியே இருக்க, உயரத்தை இரட்டிப்பாக்கினால் உதைப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

பாரம் இறங்கும் பாதையைக் கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு பூச்சரத்தைத் தொங்கவிடுங்கள். அது தானாக ஒரு வடிவத்தில் தொங்கும். அந்த வடிவத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பினால், நிற்கும் வளைவுக்குள் பாரம் இறங்கும் பாதை கிடைக்கும். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிவியலாளர் 1675இல் இந்த உண்மையை வெளியிட்டார். அந்தக் கற்பனைச் சரம் கல்லின் தடிமனுக்குள்ளேயே ஓடினால் வளைவு நிற்கும். கல்லை விட்டு வெளியே போனால் விழும். ஓனேவில் கல் அடுக்கியவர்களுக்கு ஹூக்கைத் தெரியாது, ஐந்து நூற்றாண்டு முந்தியவர்கள். ஆனால் எந்தத் தடிமன் நின்றது, எந்தத் தடிமன் சரிந்தது என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

*இதுவரை பார்த்தது:* கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வளைவு எல்லாவற்றையும் அழுத்தமாக மாற்றுகிறது. பதிலுக்குக் கால்களை வெளியே உதைக்கிறது. நிமிர்ந்த வளைவு குறைவாக உதைக்கும்.

வளைவை நீட்டினால் வண்டிக் கூண்டு

ஒரு வளைவுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டே போனால் என்ன கிடைக்கும்? கூண்டு வண்டியின் கூண்டுபோல நீளமான ஒரு கூரை. பிரான்சின் பழைய ஊர்க்கோயில்களில் நாம் பார்க்கும் கல் கூரை பெரும்பாலும் இதுதான். கூண்டுக் கூரை என்போம்.

மரக் கூரை எளிதில் தீப்பிடிக்கும். மெழுகுவத்தியும் விளக்கும் எந்நேரமும் எரியும் இடத்தில் அது சின்ன ஆபத்து இல்லை. கல் கூரைக்கு அந்தப் பயம் குறைவு. அதோடு, கல் கூரையின் கீழே பாடினால் குரல் நின்று ஒலிக்கும், பாட்டுத்தான் வழிபாடாக இருந்த காலத்தில் அது பெரிய விஷயம். ஆகவே 11, 12ஆம் நூற்றாண்டுகளில் கோயில்களுக்குக் கல் கூரை போடும் ஆசை பிரான்ஸ் முழுக்கப் பரவியது. இந்தக் காலத்துப் பாணிக்குத்தான் ரோமனெஸ்க் என்று பெயர். பெயர் பிற்காலத்தது. 1818இல் ஷார்ல் தெ ஜெர்வில் என்ற நோர்மாந்தி ஆராய்ச்சியாளர் வைத்தது. லத்தீன் மாறிப் பிரெஞ்சு முதலிய மொழிகள் பிறந்ததுபோல, ரோமானியக் கட்டடக்கலை மாறிப் பிறந்தது இது என்பது அவர் கருத்து.

கூண்டுக் கூரையின் பிரச்சினை, அது தன் நீளம் முழுக்க உதைக்கிறது. ஓரிடம் விடாமல் சுவர் முழுவதையும் வெளியே தள்ளுகிறது. ஒரு கன மீட்டர் சுண்ணாம்புக்கல் ஏறக்குறைய 2 டன் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு முழுக் கூரையைக் கற்பனை செய்து பாருங்கள். இதைத் தடுக்கச் சுவரைத் தடிமனாகக் கட்ட வேண்டும். தடித்த சுவரில் பெரிய ஜன்னல் திறந்தால் சுவரின் பலம் போய்விடும், ஆகவே ஜன்னல் சிறிதாக இருக்க வேண்டும். ஜன்னல் சிறிதானால் உள்ளே இருட்டு.

அந்த இருட்டுக்கு என்னென்னவோ விளக்கம் கேள்விப்பட்டிருக்கிறேன். "இருண்ட காலத்து மனிதர்கள், இருட்டையே விரும்பினார்கள்", "மக்களைப் பயமுறுத்தத்தான் அப்படிக் கட்டினார்கள்" என்றெல்லாம். அந்த மனிதர்கள்மீது இப்படிப் பழிபோடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் வெளிச்சத்தை விரும்பாதவர்கள் இல்லை. கூரை தலையில் விழாமல் எவ்வளவு வெளிச்சம் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவந்தார்கள். உள்ளே நிறங்களும் நிறைய இருந்தன. இன்று வெறுங்கல்லாகத் தெரியும் சுவர்கள் பலவற்றில் அன்று வண்ண ஓவியங்கள் இருந்தன. இதே புவாத்து வட்டாரத்தில் (புவாத்தியே நகரைச் சுற்றிய பகுதி) சேன்-சவேன் என்ற ஊர்க் கோயிலில் 42 மீட்டர் நீளக் கூண்டுக் கூரை முழுக்க, 1100ஐ ஒட்டி வரைந்த பைபிள் கதைகள் இன்றும் இருக்கின்றன.

ஓனே கொத்தர்கள் கண்ட வழி

ஓனே கோயிலுக்குள் மேற்கு வாசல் வழியாக நுழைந்தால், பலிபீடத்தை நோக்கி நீளும் நடுக்கூடம். அதன் இருபுறமும் தூண் வரிசை. தூண்களுக்கு அப்பால் குறுகலான பக்கக் கூடங்கள், பக்கத்துக்கு ஒன்று. தரைப்படம் சிலுவை வடிவம். சிலுவையின் கைகளாக வடக்கிலும் தெற்கிலும் நீளும் பகுதிகளைக் குறுக்குக் கூடம் என்று சொல்லலாம். கைகள் நடுக்கூடத்தைச் சந்திக்கும் இடத்தின்மேல் ஒரு குவிமாடமும் அதற்குமேல் மணிக்கோபுரமும். கிழக்கு முனை அரைவட்டமாக முடிகிறது.

நடுக்கூடத்தின் கூண்டுக் கூரை உதைப்பதை யார் தடுப்பது? இங்கே பக்கக் கூடங்களும் கிட்டத்தட்ட நடுக்கூடம் அளவுக்கு உயர்ந்தவை, அவற்றுக்கும் கூண்டுக் கூரைதான். திருவிழாக் கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும் மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். நடுவில் இருப்பவர் பக்கத்தில் சாய்ந்தால், பக்கத்தில் நிற்பவரின் தோள் தாங்கிக்கொள்ளும். நடுக் கூரையின் உதைப்பை பக்கக் கூரைகள் தோள்கொடுத்து வாங்கி, வெளிச்சுவரிடம் ஒப்படைக்கின்றன. வெளிச்சுவருக்கு இடையிடையே முட்டுச்சுவர் உண்டு. முட்டுச்சுவர் என்பது சுவரோடு ஒட்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கல் திண்மம், சுவர் வெளியே சாயாமல் முட்டுக் கொடுப்பது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விளைவு உண்டு. பக்கக் கூடங்கள் அவ்வளவு உயரமாக இருப்பதால் நடுக்கூடத்துக்குச் சொந்தமாக ஜன்னல் வைக்க இடமே இல்லை. வெளிச்சம் பக்கக் கூடத்து ஜன்னல்கள் வழியாக வந்து, தூண்களுக்கு நடுவே வடிந்து, நடுக்கூடத்துக்கு மங்கலாக வந்து சேர்கிறது. புவாத்து வட்டாரத்துக் கோயில்கள் பலவும் இப்படித்தான்.

அண்ணாந்து பார்த்தால் கூரை முழு அரைவட்டமாக இல்லை. உச்சியில் லேசாகக் கூராகிறது. ஏணியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கூராக்கினால் வளைவு நிமிரும், நிமிர்ந்தால் உதைப்பு குறையும். அவர்கள் கூர்வளைவை எடுத்துக்கொண்டது அந்த லாபத்துக்காக.

அப்படியானால் கோத்திக் எது?

கூர்வளைவைக் கோத்திக் கட்டடக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1088இல் கட்டத் தொடங்கிய க்ளூனி மடத்தின் மாபெரும் கோயிலிலேயே கூர்வளைவுகள் இருந்தன. கோத்திக் வந்தபோது மாறியது பாரம் இறங்கும் வழி.

கூண்டுக்குப் பதில் குடையை எண்ணிப் பாருங்கள். குடைத்துணியின் இழுப்பு கம்பிகள் வழியாக ஒருசில முனைகளுக்குப் போய்விடுகிறது. கோத்திக் கூரையும் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை குறுக்காக ஓடும் கல் விலாக்கள் உண்டு. கூரையின் வளைவுகள் எல்லாம் நான்கு மூலைகளை நோக்கி இறங்குகின்றன. அதனால் பாரமும் உதைப்பும் சுவர் முழுக்கப் பரவாமல் நான்கு புள்ளிகளில் போய்க் குவிகின்றன. அந்த நான்கு புள்ளிகளுக்கு மட்டும் பலமாக முட்டுக் கொடுத்தால் போதும். பிறகு அந்த முட்டையும் சுவரிலிருந்து பிரித்து, வெளியே தள்ளி நிறுத்தி, பாலம்போல ஒரு சாய்ந்த வளைவால் கூரையோடு இணைத்தார்கள். அதுதான் பறக்கும் முட்டு. நடுவில் இருக்கும் சுவருக்கு வேலையே இல்லாமல் போனதால் அதை எடுத்துவிட்டு வண்ணக் கண்ணாடி வைத்தார்கள்.

பாரிசை ஒட்டிய சேன்-தெனியில், மடத் தலைவர் ஸுஜே 1140க்கும் 1144க்கும் இடையில் கட்டிய கிழக்குப் பகுதியை இந்தப் பாணியின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். பறக்கும் முட்டு அதற்குச் சற்றுப் பின்னால் வந்தது. அங்கிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓனேவில் கிட்டத்தட்ட அதே காலத்தில் தடித்த சுவரும் கூண்டுக் கூரையுமாக வேலை நடந்துகொண்டிருந்தது. இதைப் பின்தங்கிய வேலை என்று நான் சொல்லமாட்டேன். தங்களுக்குத் தெரிந்த முறையின் உச்சத்தில் அவர்கள் இருந்தார்கள். கோத்திக் என்ற பெயரே ஏச்சாகப் பிறந்ததுதான். கோத்துகள் என்ற பழைய இனத்துக்கும் இந்தப் பாணிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியர்கள், குறிப்பாக வசாரி என்ற ஓவியர்-எழுத்தாளர், இது காட்டுமிராண்டிகளின் வேலை என்ற பொருளில் அவர்கள் பெயரை ஒட்டவைத்தார்கள்.

*சுருக்கமாக:* ரோமனெஸ்க் கட்டடத்தில் சுவரே தாங்குகிறது. கோத்திக் கட்டடத்தில் ஒருசில புள்ளிகள் தாங்குகின்றன, சுவர் திரைபோல நிற்கிறது. வளைவு கூரா வட்டமா என்பது இரண்டாவது கேள்வி.

தெற்கு வாசல்: கல்லுக்கு ஒரு கிழவர்

ஓனேவின் தெற்குக் குறுக்குக் கூடத்து வாசலை எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு கல்லாகப் பார்க்க வேண்டிய வாசல் அது.

தடித்த சுவரில் வாசல் திறந்தால் அது சுரங்கம்போல ஆகிவிடும். அதனால் உள்ளே ஒரு வளைவு, அதற்கு வெளியே சற்றுப் பெரிய வளைவு, அதற்கும் வெளியே இன்னொன்று என்று படிப்படியாக விரித்துக்கொண்டே வருவார்கள். ஓனேவில் இப்படி நான்கு வளைவு அடுக்குகள். எல்லாவற்றிலும் சிற்பம்.

உள்ளே முதல் அடுக்கில் கொடிச்சுருளுக்குள் விலங்குகள். இரண்டாவதில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் உள்ள ஆடவர்கள், திருத்தூதர்களும் இறைவாக்கினர்களும். மூன்றாவதில் முடி சூடிய கிழவர்கள் வரிசையாக அமர்ந்து, கையில் இசைக்கருவியும் சிமிழும் வைத்திருக்கிறார்கள். பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் கடவுளின் அரியணையைச் சுற்றி 24 மூப்பர்கள் அமர்ந்திருப்பதாக வருகிறது. அவர்கள்தான் இவர்கள்.

எண்ணிப் பார்த்தால் 24 இல்லை. 31 பேர் இருக்கிறார்கள்.

சிற்பிக்குப் பைபிள் தெரியாதா? வழியில் போகும் பயணிகூட எண்ணிக் கண்டுபிடிக்கக்கூடிய தவறு இது. விடை கல்லின் இணைப்புக் கோடுகளில் இருக்கிறது. ஒவ்வொரு கிழவரும் ஒரே ஒரு ஆப்புக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறார். அவருடைய தோளுக்குப் பக்கத்தில் ஓடும் மெல்லிய கோடு அந்தக் கல்லின் விளிம்பு. கால்பக்கம் வளைவின் மையத்தை நோக்கி, தலைப்பக்கம் வெளியே, சக்கரத்தின் ஆரக்கால்போல. வளைவை மூட எத்தனை ஆப்புக்கல் தேவைப்பட்டதோ அத்தனை கிழவர்கள். பாரம் கல்லிலிருந்து கல்லுக்கு இறங்குவதைப் படம் போட்டு விளக்கலாம் என்று இத்தனை நேரம் நான் முயன்றதை, அந்தச் சிற்பி மூப்பர்களை உட்காரவைத்தே காட்டிவிட்டார். ஒருவர் தோள் ஒருவருக்கு அண்டை. வளைவின் அடிப்பக்கத்தில் பாரத்தைச் சுமப்பதுபோலக் குந்தியிருக்கும் குட்டி மனிதர்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

நான்காவது, வெளி அடுக்கு முழுக்க விசித்திர உயிர்கள். கடற்கன்னி உண்டு. யாழ் வைத்திருக்கும் கழுதை உண்டு. நாம் கற்பூர வாசனையைச் சொல்வதுபோல, கழுதைக்கும் யாழுக்கும் என்ன உறவு என்பது பழைய கிரேக்கப் பழமொழி. அது லத்தீன் வழியாக இந்த வாசலுக்கு வந்து சேர்ந்தது.

மேற்கு முகப்பின் நடு வாசலுக்குப் போனால் வேறொரு முறை. அங்கே நற்பண்புகள் கவசம் அணிந்த பெண்களாக நின்று தீய பண்புகளைக் காலால் மிதிக்கின்றன. ஆனால் உருவங்கள் ஆரக்கால்போல இல்லை, வளைவோடு சேர்ந்து நீண்டு வளைகின்றன. ஐந்து விவேகமுள்ள கன்னியரும் ஐந்து அறிவில்லாத கன்னியரும் இன்னோர் அடுக்கில். அவர்கள் இயேசு சொன்ன உவமையிலிருந்து வந்தவர்கள், பத்தைத் தாண்ட முடியாது. வெளி அடுக்கில் 12 மாத வேலைகளும் ராசிகளும். ஒரே கோயிலில் ஒரு வாசலில் கல் எண்ணிக்கையை முடிவு செய்கிறது, மறு வாசலில் கதை முடிவு செய்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைப்பது ஓனேவின் பெரிய கொடை.

உள்ளே தூண்களின் தலைகளிலும் சிற்பங்கள் உண்டு. ஓரிடத்தில் பைபிளில் வரும் பலசாலி சிம்சோன் தூங்குகிறார், அவரைக் கட்டிப்போடுகிறார்கள். இன்னோரிடத்தில் யானைகள். தும்பிக்கை வைத்து, வட்ட முதுகோடு, ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. அந்த வட்டாரத்து மக்கள் யாரும் யானையைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. அதனால் மேலே லத்தீனில் ஒரு வரி வெட்டியிருக்கிறது: "ஹீ ஸுன்ட் எலெஃபான்டெஸ்." இவை யானைகள். கோயில் யானையிடம் வாழைப்பழம் கொடுத்து வளர்ந்த நமக்கு அந்தக் கல்வெட்டு தேவையில்லை. ஆனாலும் பார்த்திராத ஒரு பெரிய விலங்கைக் கல்லில் கொண்டுவந்துவிட்டு, ஊர்க்காரர்களுக்குப் புரியவேண்டுமே என்று பெயரும் எழுதிவைத்த அந்தக் கையை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

பிறகு நடந்தவை

கல்லறைத் தோட்டத்தில் 15ஆம் நூற்றாண்டுக் கல் சிலுவை ஒன்று நிற்கிறது. ஓசன்னா சிலுவை என்று பெயர். குருத்து ஞாயிறன்று பவனி அங்கே வந்து நிற்கும், ஓசன்னா பாடுவார்கள். அந்த வட்டாரத்துக் கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் இப்படிச் சிலுவைகள் உண்டு.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி திருச்சபையின் சொத்துகளை நாட்டின் உடைமையாக்கியது. பழைய கட்டடங்களைக் காப்பாற்ற அரசு ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கத் தொடங்கியது 1830களில்தான். 1834இல் அந்தப் பொறுப்புக்கு வந்த எழுத்தாளர் ப்ரோஸ்பர் மெரிமே ஊர் ஊராகச் சுற்றிக் குறிப்பெடுத்தார். 1840இல் வெளியான முதல் பாதுகாப்புப் பட்டியலில் ஏறக்குறைய 1,000 கட்டடங்கள் இருந்தன, ஓனே கோயில் அவற்றில் ஒன்று. 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட ஊர்க்கோயில்கள் அந்தந்த ஊராட்சிக்குச் சொந்தம். திருப்பலி நடப்பது அதில்தான், ஆனால் பராமரிப்பு ஊராட்சியின் பொறுப்பு.

மேற்கு முகப்பைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நடுக்கூடத்துத் தூண்களுக்கு நடுவேயும் வளைவுகள் உண்டு. அவை கோயிலின் நீளவாக்கில் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டே வரும். ஒவ்வொரு தூணிலும் இருபக்க உதைப்பும் சமமாகிவிடும். கடைசி வளைவுக்கு மட்டும் அந்தப் பக்கம் ஆளில்லை, அதன் உதைப்பு முகப்புச் சுவரில் வந்து இறங்குகிறது. அந்த முகப்பின் இருபக்கமும், நுணுக்கமான சிற்பங்களுக்குப் பக்கத்தில், அலங்காரமே இல்லாத தடித்த முட்டுச்சுவர்கள் நிற்கின்றன. அவை முதல் கட்டுமானத்தைச் சேர்ந்தவை அல்ல. பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை.